பழைய கேஸு இருந்தா லைசென்ஸு கிடைக்குமா? தமிழ்நாடு-கேரளா பார்டர் பக்கம் இருக்கறவங்களுக்காக

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு செக்போஸ்டுக்கு ரெண்டு பக்கமும் பொழைக்கற நம்ம ஆளுங்க நெறைய பேரு மேல எப்பவோ ஒரு கேஸு விழுந்திருக்குங்க. ஊர் சண்டையா இருக்கும், ரேஷன் அரிசி மூட்டையா இருக்கும். பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கால கள்ளு சட்டப்படி கிடைக்குது, தமிழ்நாட்டுப் பக்கம் 1987-லயே தடை பண்ணிட்டாங்க, ஒரு கேன் கொண்டாந்தாலும் மதுவிலக்கு கேஸு. லாட்டரியும் அப்படித்தான், கேரளால கவர்மெண்டே நடத்துது, தமிழ்நாட்டுல 2003-லயே நிறுத்தியாச்சு, பொள்ளாச்சில வித்தா உள்ள தூக்கி வெச்சுருவாங்க. இப்படி ஒரு கேஸு வாங்கினவரு பத்து வருஷம் கழிச்சு செக்யூரிட்டி வேலைக்கோ டாக்ஸி ஓட்டவோ எல்.ஐ.சி. ஏஜெண்டாவோ போலாம்னு ஃபார்ம எடுத்தா "உங்க மேல குற்ற வழக்கு ஏதும் உண்டா"ன்னு ஒரு கட்டம், அதுல பேனா நின்னு போயிருது. பாதிப்பேரு "இல்லை"ன்னு டிக் அடிச்சுட்டு போயிடறாங்க, மீதிப்பேரு ஃபார்மையே மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. ரெண்டுமே வேண்டாம்ங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், எல்லா லைசென்ஸுக்கும் ஒரே ரூல் கிடையாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு சட்டம். அதுல பல எடத்துல "கேஸு இருந்துதா"ங்கறத விட "கேஸு எப்படி முடிஞ்சுது"ங்கறதுதான் பேசும். அதனால எந்த ஃபார்மையும் தொடறதுக்கு முன்னாடி உங்க கேஸோட கதி என்னன்னு கையில பேப்பரா எடுத்து வெச்சுக்கோங்க.

எடுக்கறது எப்படின்னா, ஈ-கோர்ட்ஸ் சைட்டுலயோ ஆப்லயோ போயி எப்.ஐ.ஆர். நம்பர், ஸ்டேசன், வருஷம் போட்டுத் தேடுங்க. கேஸுக்கு 16 எழுத்துல ஒரு சி.என்.ஆர். நம்பர் இருக்கும், அது கிடைச்சா எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் எல்லாம் ஈஸி. பேர வெச்சுத் தேடினா கேரளா கோர்ட்டுல நம்ம பேரு சிக்கறது கஷ்டம், நாம இனிஷியல் போடுவோம், அவங்க வீட்டுப்பேரு போட்டு அப்பா பேரு போட்டு வேற ஸ்பெல்லிங்ல ஏத்தியிருப்பாங்க, அதனால நாலு விதமா அடிச்சுப் பாக்கணும். எப்.ஐ.ஆர். காப்பி வேணும்னா கேரளாவுக்கு அந்த ஊர் போலீஸோட துணா போர்ட்டல், தமிழ்நாட்டுக்கு போலீஸ் ஈ-சர்வீஸ் சைட்டு. ரொம்ப பழசுன்னா ஆன்லைன்ல இருக்காது, நேரா சித்தூர் கோர்ட்டுக்கோ (ஆந்திரா சித்தூர் இல்லீங்க, நம்ம பாலக்காட்டு சித்தூர்) பொள்ளாச்சி கோர்ட்டுக்கோ போயி வக்கீல் குமாஸ்தா ஒருத்தர புடிச்சு காப்பி அப்ளிகேஷன் போடணும். தீர்ப்போட சர்ட்டிஃபைடு காப்பி, சீல் வெச்சது, அதுதான் வேணும். "விட்டுட்டாங்கன்னு வக்கீல் சொன்னாருங்க"ங்கறது எந்த ஆபீஸ்லயும் செல்லாது.

இப்ப கேஸு முடியற விதத்துக்கு வருவோம், இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. எப்.ஐ.ஆர். மட்டும் போட்டு, போலீஸே விசாரிச்சு ஒண்ணும் இல்லைன்னு கோர்ட்டுக்கு ரிப்போர்ட் குடுத்து முடிச்சிருந்தா நீங்க குற்றவாளியே இல்ல. கோர்ட்டு விடுதலை பண்ணினாலும் அதே. ரெண்டு தரப்பும் ராஜி ஆகி கோர்ட்டு அத ஏத்துக்கிட்டா சட்டப்படி அதுவும் விடுதலைக்குச் சமம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 320-வது செக்ஷன், இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 359. ஹைகோர்ட்ல போயி கேஸையே ரத்து பண்ணியிருந்தா இன்னும் நல்லது.

ஆனா "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துட்டேங்க, கேஸு முடிஞ்சுது"ன்னு சொல்றாங்க பாருங்க, அது முடியலீங்க. கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டு ஐநூறோ ஆயிரமோ கட்டினா அதுக்குப் பேரு தண்டனை, கன்விக்ஷன். ஜெயிலுக்குப் போனாத்தான் கன்விக்ஷன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு. உதாரணத்துக்கு கேரளா பக்கம் ரோட்டோரம் தண்ணியப் போட்டுட்டு தகராறு பண்ணி மாட்டினா போலீஸ் ஆக்ட் 118(ஏ)ல ஒரு பெட்டி கேஸு (சில்லறை கேஸு) போடுவாங்க. அடுத்த நாள் கோர்ட்டுல போயி ஃபைன் கட்டிட்டு பஸ் ஏறி வந்துருவாங்க, வீட்டுக்குக் கூட தெரியாது. அந்த செக்ஷனுக்கு சட்டத்துல எழுதியிருக்கற தண்டனை மூணு வருஷம் ஜெயில் வரைக்கும், இல்ல பத்தாயிரம் ஃபைன் வரைக்கும், இல்ல ரெண்டும் சேத்து. பின்னாடி எவனாவது ஃபார்ம்ல "நீங்க எப்பவாச்சும் தண்டிக்கப்பட்டிருக்கீங்களா"ன்னு கேட்டா பதில் "ஆமா"தான். ஹெல்மெட் போடாததுக்கு போலீஸ்காரர் கிட்டயே மெஷின்ல கட்டற ஃபைன் வேற, அதுக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

அதனால கேஸு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், "அண்ணா சீக்கிரம் முடிச்சு விடுங்க"ன்னு வக்கீல் கிட்ட அவசரப்படாம ரெண்டு விஷயத்தக் கேளுங்க. ராஜி ஆக முடியுமா? முடியலைன்னா, 1958-ல வந்த புரொபேஷன் சட்டத்துல மூணாவது இல்ல நாலாவது செக்ஷன்ல விடச் சொல்லி மனு போட முடியுமா? அதுல எச்சரிச்சு அனுப்பினாலோ நன்னடத்தை பாண்டு வாங்கிட்டு அனுப்பினாலோ, கன்விக்ஷனால வர்ற தகுதி இழப்பு உங்களுக்கு வராதுன்னு அதே சட்டத்துல 12-வது செக்ஷன் சொல்லுது. கன்விக்ஷன் அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, அது ரெக்கார்டுல இருக்கும், ஃபார்ம்ல கேட்டா சொல்லணும். ஆனா "தண்டிக்கப்பட்டவருக்கு லைசென்ஸு இல்ல"ங்கற கதவு சாத்தாது. சின்ன வயசுப் பையனுங்களுக்கு இத கேக்காமலே ஃபைன் கட்ட வெக்கறது நம்ம பக்கம் தெனமும் நடக்குது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பதினெட்டு வயசுக்கு முன்னாடி நடந்ததுன்னா கணக்கே வேற. 2015 சிறார் நீதிச் சட்டம் 24-வது செக்ஷன்படி அதனால எந்தத் தகுதி இழப்பும் கிடையாது, பதினாறு தாண்டி கொடூரமான குற்றத்துல பெரியவங்க மாதிரி விசாரிச்ச கேஸு மட்டும் விதிவிலக்கு.

சரி, தொழில் தொழிலா பாப்போம். இளநி கடை, தள்ளுவண்டி டிபன் கடைன்னா பயமே வேண்டாம். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல சர்ட்டிஃபிகேட்டுக்கு நீங்களோ உங்க குடும்பத்து ஆளோதான் வியாபாரம் பண்ணணும், வேற பொழப்பு இருக்கக் கூடாது, இந்த மாதிரிதான் நிபந்தனை, பழைய கேஸப் பத்தி பேச்சு இல்ல.

டிரைவிங் லைசென்ஸு விஷயத்துல மோட்டார் வாகனச் சட்டம் 19-வது செக்ஷன பாக்கணும். வழக்கமா குற்றம் பண்றவரு, வழக்கமா குடிக்கறவரு, போதைக்கு அடிமையானவரு, போலீஸே நேரா கைது பண்ணக்கூடிய குற்றத்துக்கு வண்டிய பயன்படுத்தினவரு, இவங்க லைசென்ஸ ஆர்.டி.ஓ. நிறுத்தலாம், ரத்தும் பண்ணலாம். கடைசியா சொன்னதுதான் நம்ம பார்டருக்கு முக்கியம். அரிசியோ ஸ்பிரிட்டோ யாரோ ஏத்தி விட்டு "வாளையார் தாண்டி எறக்கிரு கண்ணு, ரெண்டாயிரம் தாரேன்"னு சொன்னா, மாட்டறப்ப ஸ்டீயரிங்ல இருந்தவன் லைசென்ஸுதான் போகும், மூட்டைக்காரனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. குடிச்சுட்டு ஓட்டின கேஸுல கன்விக்ஷன் ஆனா குறைஞ்சது ஆறு மாசம் லைசென்ஸு நிறுத்தணும்னு 20-வது செக்ஷனே சொல்லுது. ஆப்ல ஓட்டற டாக்ஸின்னா 2020-ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல கடைசி ஏழு வருஷத்துக்குள்ள குடிபோதையில ஓட்டினது, திருட்டு, மோசடி, பாலியல் குற்றம் மாதிரி கேஸுல தண்டனை இருக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, 2025-ல அதுக்குப் பதிலா புது வழிகாட்டுதல் வந்துருச்சு, அதையும் பாத்துக்கோங்க. 2020-ல போட்டதுல ஏழு வருஷம், தண்டனை, ரெண்டு வார்த்தையும் கவனிங்க, நிலுவையில இருக்கற கேஸ அது சொல்லல. ஆனா கம்பெனிக்காரன் தன் பாட்டுக்கு இன்னும் கறாரா இருப்பான்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு இன்சூரன்ஸ் சட்டம் 42-வது செக்ஷன். கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாத்து, ஃபோர்ஜரி, இந்த நாலு வகையில குற்றவாளின்னு தீர்ப்பு இருந்தாத்தான் தடை, அடிதடி கேஸுக்கு இல்ல. அதுலயும் தண்டனை முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சுன்னா தடை நீங்கிருச்சுன்னு இன்சூரன்ஸ் ஆணையம் வழக்கமா அறிவிக்கணும்னு சட்டத்துலயே இருக்குது. தானா வராது, எழுதிக் கேக்கணும். மெடிக்கல் ஷாப் ஃபார்மசிஸ்டுக்கு ஃபார்மசி கவுன்சில்தான் பாத்து முடிவு பண்ணும், தண்டனை உங்கள அந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவரா ஆக்குதான்னு.

செக்யூரிட்டி வேலைதான் எனக்கு எரிச்சல் வர்ற எடம். கோயமுத்தூர் மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம்ம பக்கத்துல இருந்து வண்டி வண்டியா போறாங்க. 2005 தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டம் 10-வது செக்ஷன்ல காவலாளிக்கு வயசு 18-ல இருந்து 65, டிரெயினிங், நன்னடத்தை எல்லாம் சொல்லிட்டு, கோர்ட்டால தண்டிக்கப்பட்டவர வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எந்தக் குற்றம், எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஒரு அளவு கிடையாது. அதே சட்டத்துல ஏஜென்சி நடத்தற மொதலாளிக்கு ஆறாவது செக்ஷன்ல, தண்டனைன்னு பாத்தா கம்பெனி நிர்வாகத்துல பண்ணின மோசடி, இல்லைன்னா ரெண்டு வருஷத்துக்குக் குறையாத ஜெயில் தண்டனை உள்ள குற்றம்னாத்தான் தடைன்னு அளவு வெச்சிருக்காங்க. வக்கீலாக பதிவு பண்ணப் போனா 1961 சட்டம் 24ஏ என்ன சொல்லுதுன்னா ஒழுக்கக்கேடான குற்றத்துல தண்டனை பெற்றவருக்குக் கூட ரிலீஸ் ஆகி ரெண்டு வருஷம் கழிஞ்சா அந்தத் தடை போயிரும். கோர்ட்டுல வாதாட வழி இருக்குது, மில்லு கேட்ல விசில் அடிக்க வழி இல்ல! இதனாலதான் மேல ஃபைன் பத்தி அவ்வளவு நேரம் பேசினேன். செக்யூரிட்டி வேலைக்குப் போற எண்ணம் இருந்தா அந்த ஐநூறு ரூவா ஃபைன கட்டறதுக்கு முன்னாடி ராஜிக்கும் புரொபேஷனுக்கும் முட்டிப் பாருங்க.

அடுத்து போலீஸ் வெரிஃபிகேஷன். தமிழ்நாட்டுல ஈ-சர்வீஸ் சைட்டுலயே வேலைக்கான வெரிஃபிகேஷனுக்கு அப்ளை பண்ணலாம், கேரளால துணாவுல இல்ல பொல்-ஆப்ல குற்றத்துல சம்பந்தம் இல்லைங்கற சர்ட்டிஃபிகேட் கேக்கலாம். கல்ஃபுக்கு டிரைவரா போறவங்களுக்கு அது ஆகாது, பாஸ்போர்ட் ஆபீஸ் குடுக்கற பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட்)தான். "கேஸு பாலக்காட்டுல, நான் அப்ளை பண்றது கோயமுத்தூர்ல, எப்படித் தெரியும்"னு கேக்கறவங்களுக்கு, இப்ப ஸ்டேசன் எல்லாம் ஒரே நெட்வொர்க்ல இருக்குது மாமா, தெரியும். அதை விட மோசம் என்னன்னா, அந்தப் பக்கம் மாட்டி ஜாமீன்ல வந்துட்டு சம்மன் வந்தும் போகாம விட்ட கேஸு. அதுல வாரண்ட் போட்டு எல்.பி.ன்னு (லாங் பெண்டிங், ரொம்ப நாளா கெடக்கற கேஸு) தனி ரெஜிஸ்டர்ல தூக்கி வெச்சிருப்பாங்க, தூங்கிட்டு இருக்கும், சர்ட்டிஃபிகேட் கேட்ட அன்னைக்கு முழிச்சுக்கும். அப்படி ஒண்ணு இருக்குன்னு சந்தேகம் இருந்தா மொதல்ல அங்க ஒரு வக்கீல் வெச்சு ஆஜராகி வாரண்ட ரீகால் பண்ணுங்க, அப்புறம் அப்ளிகேஷன்.

ஃபார்ம நெரப்பறப்ப கேள்விய மூணு தடவ படிங்க. "கைது செய்யப்பட்டிருக்கீங்களா", "வழக்கு நிலுவையில இருக்கா", "தண்டிக்கப்பட்டிருக்கீங்களா", மூணும் மூணு கேள்வி. தண்டனை மட்டும் கேட்டா, விடுதலை ஆன கேஸ அங்க எழுத வேண்டிய அவசியம் இல்ல. கைதப் பத்திக் கேட்டா, விடுதலை ஆயிருந்தாலும் "ஆமா"தான். கட்டம் சின்னதா இருக்கும், "தனித்தாள் இணைப்பு"ன்னு எழுதி, ஒரு வெள்ளத் தாள்ல எப்.ஐ.ஆர். நம்பர், ஸ்டேசன், செக்ஷன், கோர்ட்டு, எந்தத் தேதியில எப்படி முடிஞ்சுதுன்னு அஞ்சு வரி எழுதி தீர்ப்புக் காப்பிய பின் பண்ணுங்க. கதை எழுதாதீங்க, எதிர்ப்பார்ட்டிய திட்டாதீங்க. 2024 ஜூலை 1-க்கு முன்னாடி நடந்த சம்பவம்னா பழைய ஐ.பி.சி. செக்ஷனையே போடுங்க, புது நம்பருக்கு மாத்த வேண்டாம்.

மறைக்கறதப் பத்தி சுப்ரீம் கோர்ட்டு 2016-ல அவதார் சிங் கேஸுல தெளிவா பேசியிருக்கு. அது அரசு வேலைக்கான தீர்ப்பு, இருந்தாலும் எல்லா எடத்துலயும் அதத்தான் எடுத்துக் காட்டறாங்க. சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்பமான கேஸுன்னா மறைச்சதையே கூட மன்னிக்கலாம்னு சொல்லியிருக்கு, ஆனா பெரிய கேஸ மறைச்சா மறைச்சதே ஒரு காரணமா ஆயி வேலை போகும். உண்மைய சொன்னா கண்டிப்பா குடுத்தே ஆகணும்னும் இல்ல, பரிசீலிக்கற உரிமை அவங்களுக்கு இருக்கு.

மேல்முறையீடு போட்டிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. தண்டனைய நிறுத்தி வெக்கறது வேற, குற்றவாளிங்கற தீர்ப்பையே நிறுத்தி வெக்கறது வேற. ஜாமீன் கிடைச்சு வெளிய இருக்கீங்கன்னா மொதலாவது மட்டும்தான் கிடைச்சிருக்கும், லைசென்ஸு ஆபீஸ்ல நீங்க தண்டிக்கப்பட்டவருதான். ரெண்டாவது வேணும்னா தனியா மனு போட்டு, இந்தத் தொழில் போனா இன்ன நஷ்டம்னு காரணம் காட்டணும், லேசுல குடுக்க மாட்டாங்க.

இவ்வளவுக்கப்புறமும் "முடியாது"ன்னா வாய் வார்த்தைய ஏத்துக்கிட்டு கவுண்டர விட்டு நகராதீங்க, எழுத்துல கேளுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 19-வது செக்ஷன்ல டிரைவிங் லைசென்ஸு நிறுத்தினா ஆர்.டி.ஓ. உங்க தரப்ப கேக்கணும், காரணத்த எழுதணும், ஆர்டர் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம். வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லைன்னா 15100-க்கு போன் போட்டு சட்ட உதவி கேளுங்க. பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி. ஆளுங்க, மாற்றுத்திறனாளிங்க மாதிரி சில பேருக்கு வருமானம் பாக்காமயே இலவசம், மீதிப்பேருக்கு வருமான வரம்பு பாப்பாங்க. கேஸு எந்த ஸ்டேட்டோ அந்த ஸ்டேட்டுல இருக்கற ஜில்லா சட்ட உதவி ஆபீஸுக்குப் போறது நல்லது. ஆதார், சி.என்.ஆர். நம்பர், அந்த மறுப்பு ஆர்டர், மூணையும் எடுத்துட்டுப் போங்க.