அமெரிக்காவில் ஏஜென்ட்டிடம் சிக்கிய பிள்ளைக்கு மதுரையிலிருந்து என்ன செய்யலாம்?

மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங், மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் இல்லை. சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று என்று வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார் பேப்பர்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன்; வளைகுடாவில் சட்டம் வேறு.

"டிக்கெட் போடுறேன், கிளம்பி வந்துருப்பா" என்றுதான் வீட்டில் முதலில் சொல்வார்கள். பெத்த மனசு. ஆனால் அங்கே ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசும்வரை பொறுங்கள். ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் அந்த நாட்டிலேயே சட்டப்படி தங்குவதற்காக 2000-இல் கொண்டுவரப்பட்டது டி விசா. அந்தக் கடத்தலின் காரணமாகத்தான் ஆள் அமெரிக்காவில் இருக்கிறார் என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஊர் திரும்பிவிட்டால் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், 911. மற்றபடி அங்கே ஆள்கடத்தலுக்கென்றே உதவி எண் உண்டு: 1-888-373-7888. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

கடத்தல் என்றதும் வேனில் வாயைக் கட்டித் தூக்கிப்போவது என்று நினைக்காதீர்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கப்பல் கட்டும் நிறுவனத்துக்கு இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் போனார்கள். விசா எடுத்து, விமானம் ஏறி, தாங்களாகவே போனவர்கள்தான். கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பி ஏஜென்ட்டுகளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டியிருந்தார்கள். 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி அவர்களில் ஐந்து பேருக்கு மட்டும் 1.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பொய் வாக்குறுதி, கடனைக் காட்டி மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது எல்லாம் கணக்கில் வரும். நம் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, எந்த முதலாளிக்கும் அதைப் பூட்டிவைக்க உரிமை இல்லை.

டி விசா கிடைத்தால் நான்கு ஆண்டு வரை தங்கலாம், வேலையும் பார்க்கலாம். மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தபின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணைக்கு நியாயமான ஒத்துழைப்பு கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், மனதளவில் மிகவும் உடைந்துபோனவர்களுக்கும் விலக்கு உண்டு. போலீஸ் கடிதம் இருந்தால் வழக்குக்குப் பலம், ஆனால் கட்டாயமில்லை. ஐ-914 என்ற அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. லட்சக்கணக்கில் கேட்டு "நான் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால், அவர் இரண்டாவது ஏஜென்ட்.

சரி, நம் பக்கத்து வேலைக்கு வருவோம். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் மஞ்சப்பையில் அடகுக்கடை ரசீதுகளைக் கொண்டுவந்தார். "தாலிச்செயின் வச்ச சீட்டு, இது எதுக்குப்பா ஆகப்போகுது" என்றார். அதுதான் சாட்சி! ரசீதின் தேதியும், அதற்கு மறுநாள் ஏஜென்ட் நோட்டுப் பேப்பரில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்த தொகையும் ஒத்துப்போயின. அதனால் எதையும் கிழித்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப் வாய்ஸை அழிக்காதீர்கள், போனை மாற்றினால் பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

ஏஜென்ட்டின் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். இது டி விசாவுக்கும் உதவும். அங்கே டி விசா கேட்பவர் 21 வயது தாண்டியவராக இருந்தால், பொதுவாக மனைவியையோ கணவரையோ, 21-க்குக் கீழுள்ள கல்யாணமாகாத பிள்ளைகளையோதான் விண்ணப்பத்தில் சேர்க்க முடியும். ஆனால் பழிவாங்கல் ஆபத்து இருந்தால் பெற்றோரையும், 18-க்குக் கீழுள்ள கல்யாணமாகாத தம்பி தங்கையையும் சேர்க்க வழி உண்டு. அப்போது அந்த சி.எஸ்.ஆர். ரசீது பேசும்.

மொழிபெயர்ப்புக்கு நோட்டரி முத்திரை தேவையில்லை. இரண்டு மொழியும் தெரியும், முழுமையாகவும் சரியாகவும் பெயர்த்திருக்கிறேன் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். சீலில் உள்ள எழுத்தையும் விடக்கூடாது. இனிஷியலும் பெயரும்தான் பெரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. பெயரைச் சேர்க்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள். "நீங்களே சரிபண்ணி டைப் பண்ணிருங்கண்ணே" என்று கேட்பார்கள். செய்ய மாட்டேன். உள்ளது உள்ளபடிதான் பெயர்ப்பேன். வித்தியாசத்தை வக்கீல் அஃபிடவிட்டில் விளக்கிக்கொள்வார்.

அப்புறம், இதில் ஒரு பேப்பரையும் ஃபேமிலி குரூப்பில் போடாதீர்கள். ஏஜென்ட் பெரும்பாலும் சொந்தக்காரருக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.