15 வயதில் உலக சாதனை: அன்றும் இன்றும் நீந்தியவர்களை ஒப்பிடுவது எப்படி?

பதின்வயதிலேயே சாதித்த நீச்சல் வீராங்கனைகளில் ஷேன் கூல்டா, கேட்டி லெடக்கியா, சம்மர் மெக்கின்டாஷா, யார் பெரிய ஆள் என்று பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுப் பேச்சை முடித்துவிடுவார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் கூல்ட் தங்கம் வாங்கிய நேரம் 4:19.04. 2023 மார்ச்சில் மெக்கின்டாஷ் அதே தூரத்தில் படைத்த உலக சாதனை 3:56.08. வித்தியாசம் 23 விநாடி, இதற்கு மேல் என்ன பேச என்பார். பேச நிறையவே இருக்கிறது. கடிகாரம் நீந்தியவரோடு சேர்த்து அவருடைய உடையையும் அன்றைய குளத்தையும் விதிப்புத்தகத்தையும்தான் அளக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு தாளும் பேனாவும் போதும், நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் வயதை மாதக்கணக்கில் எழுதுங்கள். "15 வயது" என்பது ஒரு வருட நீளமுள்ள சொல், அந்த வயதில் உடம்பு ஆறு மாதத்தில் வேறு ஆளாகிவிடும். 2001 மார்ச் 30 அன்று 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:54.92 நீந்தி உலக சாதனை படைத்தபோது மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு 15 வயது 9 மாதம். மியூனிக்கில் கூல்டுக்கும் அதே 15 வயது 9 மாதம். லண்டன் 2012ல் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கிய லெடக்கிக்கு 15 வயது 4 மாதம். மெக்கின்டாஷ் அந்த 3:56.08 நீந்தியபோது 16 வயது 7 மாதம், அதாவது மியூனிக் கூல்டைவிடப் பத்து மாதம் மூத்தவர். இதை எழுதாமல் ஒப்பிட ஆரம்பித்தால் முதல் வரியிலேயே தப்பு.

கூடவே, பையன்களைப் பெண்களோடு வைத்து "யார் சின்ன வயதில் சாதித்தது" என்று கேட்காதீர்கள். பெண்களுக்குப் பருவ வளர்ச்சி முன்கூட்டியே வந்துவிடுகிறது, அதனால் 14, 15 வயதிலேயே உலகத்தரத்தை எட்டிவிட முடிகிறது. பையன்களுக்குத் தசைபலம் வந்து சேர இன்னும் சில வருடம் பிடிக்கும். ஃபெல்ப்ஸ் சாதனை அவ்வளவு பேசப்பட்டதற்கு இதுவும் காரணம், ஆண்களில் அதைவிடச் சின்ன வயதில் நீச்சல் உலக சாதனை படைத்தவர் கிடையாது. பெண்களிலோ தென்னாப்பிரிக்காவின் கேரன் முயர் 1965ல் 12 வயதிலேயே படைத்திருக்கிறார்.

முயரின் அந்த நீச்சலையே எடுத்து, நேரத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் பிளாக்பூலில் அவர் பேக்ஸ்ட்ரோக்கில், அதாவது மல்லாந்து நீந்தும் போட்டியில், எடுத்த நேரம் 1:08.7. முதலில் தூரம்: அது 100 மீட்டர் அல்ல, 110 கெஜம், அதாவது 100.58 மீட்டர். அவர் போன வேகத்தில் அந்த அரை மீட்டர் சொச்சத்துக்கு ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும், கழித்தால் 1:08.3. அடுத்து, புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், நூறில் ஒரு பங்கு விநாடி வரை அதிகாரபூர்வமாக எழுதும் வழக்கம் 1972ஐ ஒட்டித்தான் வந்தது. அப்புறம் டர்ன், அதாவது குளத்தின் சுவரில் திரும்புவது. இன்றைக்கு பேக்ஸ்ட்ரோக்கில் சுவரை நெருங்கியதும் குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் போட்டு, காலால் உதைத்துவிட்டுப் போகிறார்கள். முயர் காலத்தில் மல்லாந்தபடியே வந்து கையால் சுவரைத் தொட்டாக வேண்டும், 1991ல்தான் அந்த விதி போனது.

இதையெல்லாம்விடப் பெரிய சமாச்சாரம் தண்ணீருக்கு அடியில் நடப்பது. கைகளைத் தலைக்கு மேல் நீட்டிப் பூட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து கால்நுனி வரை மீன்வால் மாதிரி அடித்துக்கொண்டு போவதை டால்பின் கிக் என்பார்கள். மேற்பரப்பில் அலையைக் கிழித்துக்கொண்டு போவதைவிட அடியில் அப்படிப் போவது வேகம். 1980களின் கடைசியில் சிலர் குளத்தின் பெரும்பகுதியை இப்படியே அடியில் கடக்க ஆரம்பித்ததும் கட்டுப்பாடு வந்தது, இப்போது தொடக்கத்திலும் டர்னுக்குப் பிறகும் 15 மீட்டர் வரைதான் அனுமதி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் போட்டி என்றால் ஒரு தொடக்கம், ஒரு டர்ன், ஆக 30 மீட்டரை அடியிலேயே போகலாம். 2019ல் 17 வயது ரீகன் ஸ்மித் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 57.57 நீந்தினார் என்றால், முயருக்கும் அவருக்கும் இடையே உள்ள பதினோரு விநாடியில் ஒரு நல்ல பங்கு முயருக்கு யாரும் சொல்லித்தராத இந்த முப்பது மீட்டரில் இருக்கிறது.

உடையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள்: 2008, 2009. பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆன உடைகள் உடம்பை இறுக்கிப் பிடித்து, மிதப்பையும் கூட்டிக் கொடுத்த காலம் அது. 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன, 2010 ஜனவரி முதல் அந்த உடைகளுக்குத் தடை. அந்த இரண்டு வருட நேரங்களுக்குப் பக்கத்தில் தாளில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள். அதே ரோமில் அன்று சீசர் சியெலோ 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.91 நீந்தினார். 2022ல் ருமேனியாவின் டேவிட் பொப்போவிச், 17 வயதில், ரோமுக்கே வந்து சாதாரணத் துணி உடையில் 46.86 நீந்தினார். வெறும் 0.05 விநாடி முன்னேற்றம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, நட்சத்திரக் குறியோடு பார்த்தால் வாய் பிளக்க வேண்டிய விஷயம்.

சரி, இவ்வளவு கழித்துக் கூட்டினாலும் 1972ஐயும் 2024ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதனால் நான் நம்புவது இடைவெளியை: அன்று கூடவே நீந்தியவர்களைவிட இவர் எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார்? குளமும் விதியும் எல்லோருக்கும் ஒன்று என்பதால் அது தானாகவே கழிந்துவிடும். முதலாம் இரண்டாம் இடத்துக்கு நடுவே உள்ள விநாடியை இரண்டாம் இடத்தின் நேரத்தால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். மியூனிக் 400 மீட்டரில் கூல்ட் 4:19.04, இரண்டாவது வந்த இத்தாலியின் நொவெல்லா கல்லிகாரிஸ் 4:22.44, இடைவெளி 1.3 சதவீதம். லண்டன் 800 மீட்டரில் லெடக்கி 8:14.63, மிரேயா பெல்மோன்டே 8:18.76, இடைவெளி 0.83 சதவீதம். பாரிஸ் 2024ல் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் (நான்கு பாணிகளையும் ஒருவரே நீந்தும் போட்டி) மெக்கின்டாஷ் 4:27.71, கேட்டி கிரைம்ஸ் 4:33.40, இடைவெளி 2.08 சதவீதம். ஆக மெக்கின்டாஷ் முதலிடம்? அவசரப்படாதீர்கள், அப்போது அவருக்கு 18 ஆக மூன்று வாரம்கூட இல்லை, லெடக்கி அவரைவிட இரண்டரை வயது இளையவராக இருந்தபோது அதைச் செய்தார். அதுவும் லெடக்கி துரத்தியது ரெபெக்கா அட்லிங்டனின் 8:14.10, நம் நட்சத்திரக் குறி போட்ட 2008ன் சாதனை. துணி உடையில், 15 வயதில், அதற்கு 0.53 விநாடி பக்கத்தில் போய் நின்றுவிட்டார், அடுத்த வருடம் உடைத்தும் விட்டார்.

கூல்டுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவருடைய பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 100 மீட்டரிலிருந்து 1500 வரை பெண்களின் ஃப்ரீஸ்டைல் உலக சாதனைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன, மியூனிக்கில் 200 மீட்டர் மெட்லியிலும் உலக சாதனை படைத்தார். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற போட்டியும் பதினேழு நிமிடப் போட்டியும் ஒரே உடம்புக்கு வாய்ப்பது லேசில்லை. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிகிறது, நீங்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

எதிர்வாதமும் உண்டு. இடைவெளி என்பது எதிரே நின்றவர்களையும் பொறுத்தது. விளையாட்டில் பணம் வாங்கக் கூடாது என்ற அமெச்சூர் விதிகள் இருந்த காலத்தில் நீச்சலால் பிழைப்பு நடத்த முடியாது, வளர்ந்ததும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மார்க் ஸ்பிட்ஸே 22 வயதில் மியூனிக்கோடு முடித்துக்கொண்டார், கூல்ட் 16 வயதில். அதனால் அன்று பதின்வயதுக்காரர் பெரும்பாலும் பதின்வயதுக்காரரோடுதான் மோதினார். இன்றைக்கு 15 வயதுப் பெண் பக்கத்துப் பாதையில் பத்து வருட அனுபவமுள்ளவரைச் சந்திக்க வேண்டும். 1970களின், 80களின் கிழக்கு ஜெர்மனி நேரங்களை ஒப்பீட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அரசே திட்டம் போட்டுச் சிறுமிகளுக்கு ஊக்கமருந்து கொடுத்தது பின்னால் ஆவணங்களோடு வெளிவந்துவிட்டது. அவர்களிடம் தோற்றவர்களின் இடைவெளியையும் அதற்கேற்பத் திருத்திப் படியுங்கள்.

தாளின் கடைசிக் கட்டத்துக்கு "பிறகு" என்று தலைப்புப் போடுங்கள், சாதனைக்குப் பின் என்ன ஆனது என்பதை எழுத. ஜேனட் எவன்ஸ் 1989ல் 17 வயதில் 800 மீட்டரில் நீந்திய 8:16.22 உலக சாதனையாக 2008 வரை நின்றது, அந்தக் கட்டத்தில் 19 வருடம் என்று எழுதலாம். முயருக்கு அங்கே ஒலிம்பிக் என்ற சொல்லே வராது, தென்னாப்பிரிக்கா அப்போது தடையில் இருந்தது. 2025 சிங்கப்பூர் உலகப் போட்டியில் 12 வயதில் 400 மீட்டர் மெட்லியில் நான்காவதாக வந்த சீனாவின் யூ ஜிதிக்கும் என் தாளில் ஒரு வரி இருக்கிறது. வயது எழுதியாயிற்று, நேரம் எழுதியாயிற்று, "பிறகு" கட்டத்தைப் பென்சிலால் மட்டும் கோடு போட்டு விட்டு வைத்திருக்கிறேன்.