ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மாத்திரை கொடுத்தும் பக்கவாதம் வருவது ஏன்? கொரியா காட்டும் தவறுகள்

தென் கொரியாவில் ஏறக்குறைய எல்லோருமே ஒரே தேசிய மருத்துவக் காப்பீட்டில் இருப்பதால், யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்ற கணக்கு அங்கே துல்லியமாகக் கிடைக்கிறது. அதன்படி, 2013-இல் 1.1 சதவீதம் பேருக்கு இருந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 2022-இல் 2.2 சதவீதமாகிவிட்டது. வயதானவர்கள் பெருகியது முக்கியக் காரணம். இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பழைய தவறு, ஆஸ்பிரினை நம்பியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபாரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். செயோங்குக்ஜாங் என்ற புளித்த சோயா குழம்பில் வைட்டமின் கே அதிகம், அது மருந்தின் வேலையைக் கெடுக்கும். மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் ஆசியர்களுக்குக் கூடுதல். இத்தனை தொல்லை எதற்கு என்று ஆஸ்பிரின் எழுதினார்கள். ஆனால் 2011-இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், ஆஸ்பிரினைவிட, ரத்த உறைவைத் தடுக்கும் புதிய மருந்தான அபிக்சபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது; பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வார்ஃபாரின் ஒத்துவராதவர்களுக்கு மட்டுமே புதிய மருந்துகள் என்ற காப்பீட்டு நிபந்தனை 2015 ஜூலையில் தளர்ந்தது. பிறகு கொரியாவில் மருந்துச்சீட்டுகளின் முகமே மாறியது.

இப்போதைய தவறு வேறு மாதிரி. மாத்திரை கிடைக்கிறது, அளவு குறைந்துவிடுகிறது. ‘வயதானவர், ஒல்லியானவர், ரத்தம் கசிந்தால் என்ன செய்வது’ என்ற பயத்தில் பாதி அளவு எழுதுகிறார்கள். 78 வயது, 52 கிலோ எடை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 0.9 உள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். அபிக்சபானைக் குறைக்க மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். பாட்டிக்கு எடை மட்டும்தான் பொருந்துகிறது. எனவே முழு அளவான 5 மில்லிகிராம், இரண்டு வேளை. அதே பாட்டிக்கு இன்னொரு புதிய மருந்தான எடாக்சபான் என்றால் எடை ஒன்றே போதும், 60-க்குப் பதில் 30 மில்லிகிராம்தான் சரியான அளவு. ஒரு மருந்தின் விதியை இன்னொன்றுக்குப் போடுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். எடையும் கிரியாட்டினினும் மாறக்கூடியவை. போன வருடத்து எண்களை வைத்து இந்த வருட அளவை எழுதக்கூடாது.

நேர் எதிரான தவறும் உண்டு: இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கு உறைவுத் தடுப்பு மருந்து, ஆஸ்பிரின் போன்ற மாத்திரை என இரண்டு வகையையும் வருடக்கணக்கில் தொடர்வது. கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2024-இல் வெளியான எபிக்-கேட் ஆய்வு இதற்கு நேரடி பதில். இதய ரத்தக்குழாய் நோய் நிலைத்துவிட்டவர்களில், எடாக்சபான் மட்டும் எடுத்தவர்களுக்கு ஓராண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கசிவு உள்ளிட்ட பாதிப்புகள் 6.8 சதவீதம், ஆஸ்பிரின் போன்ற மாத்திரையையும் சேர்த்தவர்களுக்கு 16.2. வித்தியாசம் பெரும்பாலும் ரத்தக்கசிவால் வந்தது. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமாவது, மாரடைப்புக்குப் பிறகு என்றால் ஒரு வருடமாவது கடந்தவர்களுக்குத்தான் இது. நேற்று ஸ்டென்ட் வைத்தவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப்போடக்கூடாது.

சோஜு என்ற கொரிய மதுவின் விஷயத்தில், ‘நான் கொஞ்சம்தான் குடிப்பேன், ஆனால் தினமும்’ என்பவர்கள் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கோடி கொரியர்களின் தரவில், ஒரே நாளில் எவ்வளவு குடித்தார்கள் என்பதைவிட எத்தனை முறை குடித்தார்கள் என்பதே இந்த நோயோடு அதிகம் ஒட்டிப்போனது.

படபடப்பு நின்றால் நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துவதும் சகஜம். ஆபத்தைத் தீர்மானிப்பது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவை, படபடப்பு அல்ல. அப்லேஷன் (கோளாறைத் தூண்டும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு புதிய வாசல் திறந்திருக்கிறது. 2025-இல் வெளியான அலோன்-ஏஎஃப் என்ற கொரிய ஆய்வில், அப்லேஷனுக்குப் பிறகு ஓராண்டாவது நோய் திரும்பாத 840 பேரில் ஒரு பகுதியினர் மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் பக்கவாதமும் பெரிய ரத்தக்கசிவும் சேர்ந்த பாதிப்பு அவர்களுக்கு 0.3 சதவீதம், தொடர்ந்தவர்களுக்கு 2.2. சராசரி வயது 64 என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எண்பது வயதில் ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.