டிராவல் டிரெய்லர் கூரை ஒழுகினால்: மூட்டைப் பிரித்து, காயவைத்து, மூடும் முறை

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியான டிராவல் டிரெய்லரில், கூரையின் நடுப்பரப்பு ஒழுகுவது அபூர்வம். எங்கெங்கே ஓட்டை போட்டு எதையாவது பொருத்தியிருக்கிறார்களோ, அங்கேதான் தண்ணீர் இறங்கும். காற்றுப்போக்கி, கழிவுக் குழாய் மூடி, ஆன்டெனா, ஏணிக் கால், முன்சுவரும் பின்சுவரும் கூரையைச் சந்திக்கும் மூட்டு, பக்கவாட்டு அலுமினியப் பட்டை ஆகியவைதான் அந்த இடங்கள். ஓடும்போது வண்டி முழுவதும் அதிர்கிறது. வெயிலில் 7 மீட்டர் அலுமினியப் பட்டை 40 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இரவில் சுருங்கும். அடியிலிருக்கும் பிளைவுட் அந்த அளவுக்கு நகராது. இந்த இழுபறி முழுவதையும் தாங்குவது நடுவிலிருக்கும் சீலன்ட் என்ற அடைப்புப் பசைதான். அது விறைத்துப்போன நாளில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே தண்ணீர் திருகின் புரியைப் பிடித்துக்கொண்டு மரத்துக்குள் போகும்.

கூரை முழுவதும் ஒரு வாளி பூச்சு அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். தீராது. திருகு தளர்ந்திருந்தால் மேலே அடித்த பூச்சும் அதே இடத்தில் கிழியும். அதோடு, ஊறிய மரத்தின்மேல் பூச்சு அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி மரம் உள்ளிருந்து உளுத்துப்போகும். ஆகவே வரிசை மாறக்கூடாது: ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது, காயவைப்பது, துடைப்பது, கடைசியில்தான் மூடுவது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது

உள்ளே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் பிளைவுட்டின்மேல் ஊர்ந்து, குறுக்குச் சட்டத்தைப் பிடித்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக்கூடச் சொட்டும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தேடத் தொடங்குங்கள்.

ஊசி முனையுள்ள ஈரமானி இருந்தால் வேலை பாதி முடிந்தது. மரத்தில் 15 சதவீதம் வரை காட்டினால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்று பொருள். அலமாரி மூலைகள், ஏ.சி.யைச் சுற்றி, படுக்கைக்கு மேலுள்ள விளிம்பு ஆகிய இடங்களில் அளந்து, எண்களை ஒரு தாளில் கூரைப்படம் போட்டுக் குறித்துக்கொண்டால், ஈரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தானே புலப்படும்.

குழாயால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதானால் கீழிருந்து மேலாகப் போகவும். முதலில் சுவர், ஜன்னல், பிறகு பக்கவாட்டுப் பட்டை, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 நிமிடம், மெதுவான ஓட்டம். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனையும், எது குற்றவாளி என்று தெரியாது. இன்னும் நுட்பமான வழி காற்றழுத்தம்: ஒரு காற்றுப்போக்கியில் ஊதும் விசிறியை வெளிக்காற்று உள்ளே வரும்படி பொருத்தி, மற்றெல்லாவற்றையும் மூடி, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை குமிழும்.

ஏறும் முன்

எல்லா டிரெய்லர் கூரையும் ஆள் எடையைத் தாங்காது. வண்டியின் கையேட்டில் பாருங்கள். தாங்கும் என்றாலும் 12 மி.மீ. பிளைவுட்டில் 60 × 120 செ.மீ. பலகை ஒன்றை, அடியில் மெத்தைப் பஞ்சு ஒட்டி, அதன்மேல் முட்டி போட்டு வேலை செய்வது நல்லது. எடை பரவும், கூரையும் கீறாது. சோப்புத் தண்ணீர் பட்ட ரப்பர் கூரை பாசி படிந்த படிக்கட்டைப்போல வழுக்கும். விளிம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் நகரவே கூடாது. விளிம்பு வேலையை ஏணியில் நின்றே செய்யுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மூலைத் தாங்கிகளை இறக்கிய பிறகே ஏறவும்.

கூரை என்ன பொருள்?

இது தெரியாமல் எதையும் வாங்கக்கூடாது. காற்றுப்போக்கியின் உட்புற அலங்காரச் சட்டத்தைக் கழற்றினால் கூரைத்தோலின் வெட்டு விளிம்பு தெரியும். மேலே வெள்ளை, உள்ளே கறுப்பு, இழுத்தால் நீண்டு சுருங்குகிறது, வெளியே ஈரத் துணியால் தேய்த்தால் வெள்ளைப்பொடி ஒட்டுகிறது என்றால் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். சற்று விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தால் டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகைத் தோல். தட்டினால் கெட்டியாக ஒலிப்பது ஃபைபர்கிளாஸ். அலுமினியத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈ.பி.டி.எம்.மில் பெட்ரோல், டர்பன்டைன், சிட்ரஸ் எண்ணெய் கலந்த துப்புரவுத் திரவம் எதுவும் படக்கூடாது. ரப்பர் உப்பி, அடியிலுள்ள பசையிலிருந்து பிரியும். டி.பி.ஓ.வில் ஒட்டுவது கடினம். சீலன்ட் டப்பாவிலும் டேப்பிலும் டி.பி.ஓ.வுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும், பிரைமர் கேட்டால் பிரைமர் அடித்தே ஆக வேண்டும்.

சிலிகான் என்ற தொல்லை

கண்ணாடிக்கும் குளியலறைக்கும் பயன்படுத்தும் சிலிகானைக் கூரை மூட்டில் பூசுவதுதான் மிகப் பரவலான தவறு. ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிப்பதில்லை. ஓரம் உரிந்து, இடுக்கில் தண்ணீரைத் தேக்கிவைக்கும். அதைவிடப் பெரிய கேடு, அதன்மேல் வேறெந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. பளபளப்பாக, ரப்பர் நாடாவாக உரிந்து வந்தால் அது சிலிகான். பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்து, கூரைப் பொருளுக்குக் கெடுதல் செய்யாத சிலிகான் நீக்கியால் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் மறுபடி துடைக்கவும். கடைசியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எங்கே தண்ணீர் முத்துமுத்தாக நிற்கிறதோ அங்கே இன்னும் சிலிகான் இருக்கிறது.

கூரை மூட்டுக்கென்றே உள்ள லேப் சீலன்ட் பழையதானாலும் அப்படியல்ல. விரிசல் இல்லாமல், ஓரம் தூக்காமல் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். சுத்தம் செய்து அதே வகை புதியதை மேலே இடலாம். தூக்கிக்கொண்டிருப்பதை மட்டும் ஹேர் டிரையரால் இளக்கி எடுக்கவும். உலோகக் கத்தி வேண்டாம். மூட்டைச் சரிசெய்யப் போய்க் கூரையைக் கிழிப்பது அப்படித்தான்.

காற்றுப்போக்கியைக் கழற்றி மறுபடி பதிப்பது

சுற்றிலும் விரிசல் விட்டிருந்தால் மேலே பூசி ஒப்பேற்றாமல் கழற்றிவிடுவதே சரி. ஏனென்றால் தண்ணீரை உண்மையில் தடுப்பது மேலே தெரியும் சீலன்ட் அல்ல. சட்டத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டைதான். மேலுள்ளது அதற்கும் திருகுத் தலைகளுக்கும் வெயில் படாமல் காக்கும் குடை.

விசிறி இருந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, சீலன்ட்டை நீக்கி, எல்லாத் திருகுகளையும் எடுங்கள். சட்டத்தை ஒரே மூலையில் நெம்பாமல், சுற்றிச்சுற்றிச் சிறிது சிறிதாகக் கிளப்பவும். வெளியே வந்ததும் மரத்தின் விளிம்பைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கறுத்திருந்தும் கெட்டியாக இருந்தால் விசிறி வைத்து இரண்டு மூன்று நாள் காயவிட்டால் போதும். முனை சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதியை மாற்ற வேண்டும்.

புதிய பியூட்டைல் டேப் 3 மி.மீ. கனம், 25 மி.மீ. அகலம் இருக்கட்டும். சட்டத்தின் அடிப்பக்கத்தில் இழுக்காமல் ஒட்டவும். இழுத்தால் மூலையில் மெலிந்துபோகும். இரு முனைகளும் இடைவெளியின்றிச் சேரட்டும், அந்தச் சேர்க்கை கூரை சரியும் பக்கம் வரட்டும். துருப்பிடித்த திருகுகளை எறிந்துவிட்டுத் துருவேறா எஃகில் புதியவை போடுங்கள். பழைய துளை தளர்ந்திருந்தால் ஓர் அளவு தடித்த திருகு போதும், அல்லது துளையை எபாக்ஸியால் நிரப்பிவிட்டுப் புதிதாகத் துளையிடலாம்.

முடுக்குவது கையால், எதிரெதிராக. மின்திருகியை முழு வேகத்தில் விட்டால் பிளாஸ்டிக் சட்டம் திருகைச் சுற்றி வெடிக்கும். சுற்றிலும் பியூட்டைல் பிதுங்கி வரும் வரை முடுக்கி, அரை மணி நேரம் விட்டு மறுபடி முடுக்குங்கள். குளிரான நாளில் அது மெதுவாகத்தான் நசுங்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வெட்டியெடுத்து, ஆல்கஹாலால் துடைத்த பிறகு மேல் சீலன்ட்.

லேப் சீலன்ட் இடுவது

கூரையின் தட்டையான பகுதிக்குத் தானாகச் சமனாகும் வகை. செங்குத்துப் பகுதிக்கும் சரிவான விளிம்புக்கும் வழியாத வகை. மாற்றிப் பயன்படுத்தினால் முதலாவது சுவரில் வழிந்து நிற்கும். இரண்டாவது திருகுத் தலையைச் சுற்றி இடைவெளி விடும்.

காலை நேரம் ஏற்றது, ஆனால் பனி முழுவதும் காய்ந்த பிறகு. 10 டிகிரிக்குக் கீழே சீலன்ட் ஓடாது. கூரை கையை வைக்க முடியாத அளவு சுடும்போது மேற்தோல் சட்டென்று இறுகி, உள்ளே குமிழி எழும். அடுத்த 24 மணி நேரம் மழை வராத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழலில் சுமார் 305 மி.லி. இருக்கும். 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத்துக்கு இட்டால் அது 2 மீட்டர் ஓடும். வழக்கமான 14 அங்குலக் காற்றுப்போக்கியின் சட்டத்தைச் சுற்றி அளந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, காற்றுப்போக்கிக்கு ஒரு குழல். 2.4 மீட்டர் அகல வண்டியின் முன், பின் மூட்டுகளுக்கு இரண்டரைக் குழல். கணக்குக்கு மேல் ஒன்று கையில் இருக்கட்டும். பாதி வேலையில் தீர்ந்துபோனால் சேர்க்கை விழும் இடமே பலவீனம்.

சட்ட விளிம்பின்மேல் பாதி, கூரையின்மேல் பாதி வரும்படி இட்டு, ஒவ்வொரு திருகுத் தலையையும் தனியாக ஒரு சொட்டால் மூடுங்கள். விரலால் தடவ வேண்டாம். தடவினால் மெலியும், அதுவே சமனாகட்டும். சில மணி நேரத்தில் மேற்தோல் இறுகும், உள்வரை முழுமையாக இறுக ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை அதை மிதிக்காதீர்கள்.

ஏ.சி. மட்டும் இதற்கு விலக்கு. அதன் வெளிவிளிம்பைச் சீலன்ட்டால் அடைக்கவே கூடாது. அடைத்தால் அது வெளியேற்றும் தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளே திரும்பும். ஏ.சி.யைக் காப்பது அடியிலுள்ள பஞ்சுவளையம். உட்புறத்திலிருந்து நான்கு போல்ட்டுகளை, வளையம் பாதிக் கனத்துக்கு நசுங்கும் வரை சமமாக முடுக்குவதே அதற்கான வைத்தியம். வளையம் தட்டையாகிவிட்டிருந்தால் புதியது போட வேண்டும்.

கிழிசலும் உளுத்த மரமும்

மரக்கிளை கீறிய கிழிசலுக்குக் கூரை டேப் போதும். கிழிசலைத் தாண்டி நாலாபக்கமும் 5 செ.மீ. இருக்கும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்கவும். கூர்மூலைதான் முதலில் தூக்கும். ஒட்டியபின் கையால் அழுத்தினால் போதாது. கடின உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தமாக ஓட்டினால்தான் பசை பிடிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் எடுக்க முடியாது, ஆகவே முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்த்து, பென்சிலால் எல்லை வரைந்துகொள்ளுங்கள். கட்டிகட்டியான பழைய சீலன்ட்டின்மேல் டேப் ஒட்டினால் அடியில் சுரங்கம் உண்டாகி, தண்ணீர் அதிலேயே ஓடும்.

மிதித்தால் அமுங்கும் இடம் என்றால் டேப்பால் ஆகாது. கூரைத்தோலை மூன்று பக்கம் வெட்டிக் கதவுபோல மடித்து, உளுத்த பிளைவுட்டை அடுத்த குறுக்குச் சட்டங்களின் பாதி அகலம் வரை எடுத்து, அதே கனமுள்ள புதிய துண்டைச் சட்டத்தில் திருகவும். சட்டமே உளுத்திருந்தால் பக்கத்தில் துணைச்சட்டம் வேண்டும். திருகுத் தலைகள் புதைந்திருக்கட்டும், விளிம்புகளை உப்புத்தாளால் மழுங்கடியுங்கள். பிறகு கூரைப் பொருளுக்கான பசையால் தோலை ஒட்டி, வெட்டுக்கோடுகளின்மேல் 10 செ.மீ. அகல டேப்.

பூச்சு எப்போது?

மூட்டுகள் எல்லாம் சரியான பிறகும் கூரைத்தோல் மெலிந்து கறுப்பு தெரிகிறது என்றால் மட்டும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பரவினால் ஈரக் கனம் 1 மி.மீ. பூச்சில் திடப்பொருள் பாதி என்றால் காய்ந்த பின் நிற்பது அரை மி.மீ. 7 × 2.4 மீட்டர் கூரை 16.8 சதுர மீட்டர், அரை மி.மீ. நிற்க சுமார் 17 லிட்டர் வேண்டும். ஒரே வாளியை இழுத்து இழுத்து அடித்தால் இரண்டு கோடையில் உரிந்துவிடும். தண்ணீர் தேங்கும் கூரைக்கு அக்ரிலிக் பூச்சு ஏற்றதல்ல. சிலிகான் பூச்சு தேக்கத்தைத் தாங்கும், ஆனால் அடுத்த முறையும் சிலிகானே அடிக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்த ஒரு வாரம் கழித்து, முதலில் ஈரம் குறித்த அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நின்றால் இன்னொரு வழி திறந்திருக்கிறது. பெரும்பாலும் பக்கவாட்டுப் பட்டையின் பிளாஸ்டிக் நாடாவுக்கு அடியிலுள்ள திருகுகள்தான். நாடாவை உருவி, ஒவ்வொன்றையும் முடுக்கிப் பார்த்து, தளர்ந்தவற்றை மாற்றுங்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நீண்ட பயணம் போய்வந்த பிறகும் மேலே ஏறி மூட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.