நாறுவது குழாயா, வடிகாலா? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

சிங்க் பக்கம் போனாலே அழுகிய முட்டை வாடை அடிக்கிறதா? கை உடனே பினாயிலைத் தேடும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். பினாயில் வாடையைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். அது எங்கிருந்து வருகிறது என்று மூக்கால் தேட முடியாமலும் போய்விடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் ஒரு நாள் விட்டுத் தொடங்குங்கள். ஒரு கண்ணாடி டம்ளர், டார்ச், வாளி, நாலைந்து பிளாஸ்டிக் கவர் போதும்.

படி 1: டம்ளர் சோதனை

காலையில் முதல் ஆளாகக் குழாயைத் திறந்து முக்கால் டம்ளர் பிடியுங்கள். இரவெல்லாம் குழாய்க்குள் தங்கிய தண்ணீரில்தான் வாடை நன்றாகத் தெரியும். டம்ளரை அங்கேயே முகராமல் வாசலுக்கு எடுத்துப் போங்கள். தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றை மேலே தள்ளும். குழாயைத் திறந்ததும் நாறுவதால் தண்ணீர்தான் நாறுகிறது என்று பலரும் நினைத்துவிடுவார்கள். வாசலில் வாடை இல்லையென்றால் நேராகப் படி 3-க்குப் போங்கள்.

படி 2: தண்ணீரே நாறினால்

வெந்நீர் மட்டும் நாறினால் கீசரைச் சந்தேகப்படுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தண்ணீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாவுக்கு அந்தக் கம்பி வசதியாகிவிடுகிறது. சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைத்துச் சில மணி நேரம் விட்டு, பிறகு தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கை சுடும், பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம். வாடை திரும்பி வந்தால் மெக்கானிக்கிடம் கம்பியை மாற்றச் சொல்லலாம்.

எல்லாக் குழாயிலும் நாறுகிறதா? மோட்டார் ஓடும்போது போர் தண்ணீரை நேரடியாக ஒரு டம்ளரும், மேல் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரும் பிடித்து ஒப்பிடுங்கள். போர் தண்ணீர் சுத்தமாக இருந்தால் கோளாறு தொட்டியிலோ சம்ப்பிலோதான். அடியில் சேர்ந்த வண்டல், திறந்து கிடக்கும் மூடி, உள்ளே விழுந்து செத்த பல்லி என்று எதுவாகவும் இருக்கலாம். லேசான பிளீச்சிங் வாடைக்குப் பயப்பட வேண்டாம், திறந்து வைத்தால் போய்விடும். ஆனால் சாக்கடை வாடையும் கலங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே குடிப்பதை நிறுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம்.

படி 3: வடிகால்

என் அனுபவத்தில் பெரும்பாலும் விடை இங்கேதான் கிடைக்கும். வடிகால் வாய்க்குக் கீழே ட்ராப் என்ற வளைவு இருக்கும். அதில் நிற்கும் ஒரு சாண்கூட இல்லாத தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. அது வற்றினால் வாடை தாராளமாக ஏறி வரும். ஆள் புழங்காத பாத்ரூமில் கோடைக் காலத்தில் இது சீக்கிரமே நடக்கும்.

முதலில் எல்லா வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் வாடை அடங்கினால் வேலை முடிந்தது. அடங்கவில்லையா? இரவு படுக்கப் போகும் முன் ஒவ்வொரு வாயையும் பிளாஸ்டிக் கவரால் மூடி, மேலே ஈரத்துணி போட்டு அழுத்திவிடுங்கள். காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். எது என்று மூக்கே சொல்லிவிடும்.

அடுத்து அந்த வாயை நன்றாகப் பாருங்கள். பாத்ரூம் ஜாலியைத் தூக்கினால் உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் இருக்க வேண்டும். தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று அதை எடுத்து எறிந்துவிடும் வீடுகள் நிறைய. கிண்ணத்தை வைத்தாலே நாற்றம் நின்றுவிடும்.

சிங்க்குக்குக் கீழே டார்ச் அடியுங்கள். நெளியும் பிளாஸ்டிக் பைப் தரைத் துளைக்குள் சும்மா செருகி, சுற்றிலும் இடைவெளி விட்டிருப்பார்கள். எங்கள் அம்மா வீட்டில் இரண்டு முறை தொட்டியைக் கழுவிய பிறகுதான் இது கண்ணில் பட்டது. பைப்புக்கான ரப்பர் வளையம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாஷிங் மெஷின் பைப்பையும் இதே போல் பாருங்கள்.

வாஷ்பேசினில் பாட்டில் ட்ராப் இருந்தால் கீழே வாளியை வைத்து மூடியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். தலைமுடியும் சோப்புப் பிசுக்கும் கருப்பாகக் கொட்டும். பேசினின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டையையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் மட்டும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

படி 4: குளுகுளு சத்தம்

ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்து வடிகாலில் குளுகுளு என்று சத்தம் கேட்டால், வடிகாலுக்குள் காற்று போய்வர மாடி வரை போகும் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம். கழிவு இறங்கும் வேகத்தில் ட்ராப் தண்ணீரும் உறிஞ்சப்படுகிறது. மாடியில் அந்தக் குழாயின் வாயில் கூடோ இலையோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் சரியாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் லாரி வைத்து உறிஞ்சுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அடர்ந்த ஹைட்ரஜன் சல்பைடில் மூக்கு மரத்து வாடையே தெரியாது, ஆள் சில நிமிடங்களில் சாய்ந்துவிடுவார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவது குற்றமும்கூட.

அப்புறம், ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீரைச் சீக்கிரம் வற்ற விடாது.