நாலாவது பின்

பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஐ3-2120 பிராசஸரைக் கழற்றிவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஐ7-2600ஐ மாட்டினேன். விண்டோஸ் வந்தது. பத்து நிமிஷத்தில் பொட்டென்று அணைந்தது. உடனே ஆன் செய்தால் இரண்டே நிமிஷம். அரை மணி நேரம் விட்டால் மறுபடி பத்து நிமிஷம்.

முதல் சந்தேகம் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல். பழைய பிராசஸர் 65 வாட், இது 95 வாட் ஆயிற்றே! தம்பியுடைய எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டியும் அதே கதை. பிழைகளைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. கரண்ட் போனாலும் அதே 41தான் வரும், அதை வைத்து என்ன செய்ய?

ஆறினால் ஓடுகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் பிராசஸரின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்: 78, 85, 93... டார்ச் அடித்தால், பிராசஸர் மேல் உட்காரும் கூலரைப் போர்டில் பிடித்து வைக்கும் நாலு பின்களில் ரேமை ஒட்டிய ஒன்று போர்டுக்குள் இறங்கவே இல்லை. அந்த மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

போர்டை வெளியே எடுத்து, பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மிளகளவு புதுசு வைத்து, பின்களைக் குறுக்கும் மறுக்குமாக அழுத்தினேன். நாலு முறை 'டிக்'. நம்பாமல் போர்டைத் திருப்பி, நாலு கால்களும் பின்பக்கம் விரிந்து நிற்கின்றனவா என்றும் பார்த்தேன். இப்போது பயாஸில் 46.