பத்தியில் எழுதாத விடையைக் கண்டுபிடிக்கப் பழக்குவது எப்படி?

பத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழே உள்ள கேள்விகளைக் கேட்பது சோதனைதான், கற்பித்தல் ஆகாது. 1978-79இல் வெளிவந்த ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர் டொலோரஸ் டர்கின் நான்காம் வகுப்புகளில் பார்த்ததும் இதுவே: கேள்வி ஏராளம், எப்படிப் புரிந்துகொள்வது என்ற விளக்கம் அபூர்வம்.

படி 1. ஆறேழு வரிப் பத்தி போதும். புதுச்சொற்கள் நிறைய இருந்தால் பாடம் அகராதி வகுப்பாகிவிடும்.

படி 2. நீங்கள் வாசித்துக்கொண்டே, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இங்கே 'அவன்' என்றால் யார்? அண்ணனா, தம்பியா? ஒரு வரி பின்னால் போய்ப் பார்க்கிறேன்." எல்லாம் புரிந்தவர்போல் கடகடவென்று வாசித்தால் பயனில்லை, தடுமாறி மீள்வதைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

படி 3. எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். இந்த வரிகளைப் பலகையில் எழுதுங்கள்:

"மீனா உள்ளே வந்தாள். குடையை உதறி மூலையில் சாய்த்தாள். செருப்பின் தடம் தரையெல்லாம் ஈரமாக இருந்தது."

வெளியே வானிலை எப்படி? பாதிப் பேர் "அது பத்தியில இல்லையே டீச்சர்" என்பார்கள். மீதிப் பேர் "மழை" என்பார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு நகராதீர்கள். "எந்தச் சொல் உனக்கு அதைச் சொன்னது?" என்று கேளுங்கள். 'உதறி', 'ஈரமாக' இரண்டுக்கும் அடிக்கோடு விழட்டும். யாராவது "மீனாவுக்குக் காய்ச்சல் வரும்" என்றாலும் அதே கேள்வி. சொல்லைக் காட்ட முடியாவிட்டால் அது வெறும் கற்பனை. நீங்கள் மறுக்காமலே பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும்.

அடிக்கோட்டுக்குப் பென்சில்தான். ஹைலைட்டரைக் கொடுத்தால் பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடும். எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையே நடக்காது.

படி 4. இனி கேள்வி கேட்பது பிள்ளைகள். கல்வி ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரௌனும் 1984இல் விவரித்த முறையில் ஊகித்தல், கேள்வி கேட்டல், தெளிவுபடுத்தல், சுருக்கிச் சொல்லல் என நான்கு வேலைகள் உண்டு. நான்கையும் ஒரே நாளில் பிரித்துக் கொடுத்தால் கூச்சல்தான் மிஞ்சும். கேள்வியில் தொடங்குங்கள். "விடையை விரல் வைத்துக் காட்ட முடியாத கேள்வி ஒன்று கேள்" என்றால் போதும். சுருக்கிச் சொல்வது கடைசியில் வரட்டும், அதுதான் கடினம்.

பின்சேர்க்கை: எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுத்தை அடையாளம் காண்பதிலேயே கவனமெல்லாம் போய்விடும்போது பொருளுக்கு இடம் இருக்காது. அவர்களுக்குப் பத்தியை நீங்களே வாசித்துக் காட்டி, மூன்றாம் படியை வாய்மொழியாகச் செய்யுங்கள். எழுத்துப் பயிற்சியைத் தனி நேரத்தில் வையுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் திணிக்க வேண்டாம்.